மிஸ்ஸுக்குப் பதில்

பிப்ரவரி 3, திங்கள்

என் செருப்புக்குள் என் கால் நுழையவில்லை. என் வீட்டுக்காரரின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். "மிஸ், அங்கிள் செருப்பு!" என்று ஒன்றாம் வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் அழகு பார்த்தா செருப்புப் போட முடியும்?

மதியம் தலைமையாசிரியை கூப்பிட்டார். பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் அவர் 'பெரிய மிஸ்'. என் பிரசவ விடுப்புக்கு ஆள் கிடைத்துவிட்டதாம். சின்ன வயசுக்காரராம். போன மாதம் வரை கூரியர் ஆபீசில் இருந்தவராம்.

திறந்த வாய் மூடவில்லை எனக்கு. "ஆம்பளையா மிஸ்? இந்த வாலுங்களுக்கா?"

"பார்சலையே பத்திரமா கொண்டுபோய்ச் சேர்த்திருக்காரு. பிள்ளைங்கள பார்த்துக்க மாட்டாரா?" என்கிறார்.

பிப்ரவரி 5, புதன்

பிள்ளைகள் போன பிறகு வகுப்பைத் தயார் செய்தேன். அலமாரிக் கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் பூட்டு விழும். அதை எழுதிக் கதவிலேயே ஒட்டினேன். கரும்பலகையின் இடது மூலையில் சாக்பீஸ் வழுக்கும், அங்கே எழுதாதீர்கள். ஜன்னலோரம் உட்காருகிறவனை இடம் மாற்றாதீர்கள், வெயில் ஏறினால் வாந்தி எடுப்பான். சத்தம் அதிகமானால் கத்த வேண்டாம். உங்கள் காதை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், வகுப்பே காதைப் பிடித்துக்கொண்டு அடங்கிவிடும்.

நாலு வருஷமாக நான் கண்டுபிடித்ததெல்லாம் ஒரே சாயங்காலத்தில் ஒட்டி முடிந்துவிட்டது. அவ்வளவுதானா நான்? உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் பிள்ளைகளிடம் சொன்னேன்: "மிஸ் கொஞ்ச நாள் லீவு. எனக்குப் பதில் ஒரு சார் வருவாரு."

பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன் துள்ளி எழுந்தான். "பதில் சாரா? எல்லாத்துக்கும் பதில் தெரியுமா அவருக்கு?"

அவ்வளவுதான், வகுப்பு தலைகீழானது. எறும்புக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா? பல்லி ஏன் கீழே விழுவதில்லை? பெரிய மிஸ்ஸுக்கு யாரு மிஸ்? எல்லாவற்றையும் பதில் சாருக்கென்று சேர்த்து வைக்கிறார்களாம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. திருத்தவும் மனசு வரவில்லை. பாவம், அந்த மனுஷன் மாட்டிக்கொண்டான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

மிளகு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நடுவருஷத்தில் வந்து சேர்ந்தவள். ஆள் சின்னது, பேச்சு காரம். அந்தப் பெயரை வைத்தது பிள்ளைகள்தான். அவள் சும்மா இருக்கிற ஜாதியே இல்லை. மணி அடித்ததும் எல்லாரும் ஓட, என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், எங்க வீட்டுலயும் ஒரு பதில் இருக்கு."

"அடடே! என்ன பதில்?"

"பாப்பா. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அம்மாவுக்குப் பதில் அவன் வந்தான்."

எனக்கு முதலில் புரியவில்லை. 'அம்மா எங்கேம்மா இப்போ?' என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் வயிற்றின் மேல் கையை வைத்தாள். சின்னக் கை, சாக்பீஸ் தூசி.

"நீங்க எப்போ மிஸ் போவீங்க?"

அய்யோ. அவள் கேட்டது லீவைப் பற்றி இல்லை. நான் எழுந்திருப்பதற்குள் அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது!

மிளகின் அம்மாவைப் பற்றிப் பெரிய மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "பிரசவத்துலதான் போயிட்டாங்களாம். வயித்துப்பிள்ளைக்காரி காதுல எதுக்குப் போடணும்னு..." ஆயாம்மாவுக்கும் தெரியும். பக்கத்து வகுப்பு மிஸ்ஸுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து இவரிடம் குமுறினால், துவைத்த சட்டையை மடித்துக்கொண்டே "தெரியும்" என்கிறார். ஆயாம்மா சொன்னாராம்! அடப்பாவிகளா. என் வகுப்புப் பிள்ளை, என் கண் முன்னாலேயே இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாள். நான் மரக்கட்டை மாதிரி "அம்மா படத்துக்குக் கலர் அடி" என்று அவளிடமே தாளைக் கொடுத்திருக்கிறேன். அவளும் அடித்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் கேட்டில் அவள் அப்பாவைப் பிடித்தேன். பஸ் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையின் முதல் பட்டனைத் திருகிக்கொண்டே பேசினார்.

"துக்கம் விசாரிக்க வந்த இடத்துல யாரோ சொல்லிட்டாங்க மிஸ். 'அழாத, அம்மாவுக்குப் பதில் தம்பியக் குடுத்திருக்கு'ன்னு. நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க. அன்னையிலேர்ந்து இவ அவனத் தொடறதே இல்ல. தம்பின்னு ஒரு வாட்டி கூட சொன்னதில்ல. 'பதில் அழுகுது', 'பதிலுக்குப் பால் வேணுமாம்'னுதான் சொல்லுவா."

நானும் அதே வார்த்தையைத்தானே சொன்னேன். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு, அதே வார்த்தையை.

பிப்ரவரி 8, சனி

எனக்கும் பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

நேற்று ஒரு வழி தோன்றியது. புதுசாக வருகிறவர் நான் போன பிறகு வரக் கூடாது, நான் இருக்கும்போதே வர வேண்டும். பதில் வந்தாலும் ஆள் காணாமல் போகாது என்று அவள் கண்ணால் பார்க்கட்டும். போனில் சொன்னதும் பெரிய மிஸ் குற்ற உணர்ச்சியில் உடனே சம்மதித்தார்.

இன்று கரும்பலகைக்கு முன்னால் ரெண்டு நாற்காலி. வந்தவர் ஒல்லி, கண்ணாடி, நெற்றி முழுக்க வியர்வை. முதல் கேள்வியே பல்லி.

"தெரியலையே," என்றார்.

"பதில் சாருக்குப் பதில் தெரியலையாம்!" என்று வகுப்பு அதிர்ந்துபோனது. அவர் என்னைப் பார்த்தார். நான் காதைப் பிடித்துக் காட்டினேன். அவரும் பிடித்தார். அடங்கியது. பரவாயில்லை, தேறிவிடுவார்.

மிளகு பாடத்தைப் பார்க்கவே இல்லை. அவரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. கடைசி மணியில் கேட்டாள்: "நாளைக்கும் ரெண்டு பேரும் இருப்பீங்களா?"

"இருப்போம்," என்றேன். இந்த வாரம் முழுக்க இருப்போம் என்றும் அடித்துச் சொன்னேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பெண் குழந்தை. நானும் இருக்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

படுத்தபடி எழுதுகிறேன், கோணல் மாணலாகத்தான் வரும்.

செவ்வாய்க்கிழமை கழித்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். கண் முன்னால் பூச்சி பறந்தது. பிறகு கரும்பலகையே தெரியவில்லை. பதில் சார் தாங்கிப் பிடிக்கவில்லை என்றால் தலை தரையில் மோதியிருக்கும். இரத்த அழுத்தம் எங்கேயோ ஏறிவிட்டதாம். ஆயாம்மாவும் பெரிய மிஸ்ஸும் தூக்காத குறையாகக் கொண்டுபோனார்கள். வாசலில் திரும்பிப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் அழுதுகொண்டிருந்தன. மிளகு அழவில்லை. தன் பையை எடுத்து மாட்டிக்கொண்டு நின்றாள், பள்ளி முடிந்துவிட்டது போல.

எது நடக்கக் கூடாதோ அதையே அவள் கண்ணெதிரில் நடத்திக் காட்டிவிட்டேனே. நாளைக்கும் இருப்பேன் என்று எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். கொட்டாவி விடுகிறாள். இத்தனூண்டு வாய்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பதில் சார் போன் செய்தார். மிளகு அன்றிலிருந்து பள்ளிக்கே வரவில்லை.

அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். "மிஸ் நல்லா இருக்காங்க, பேசு பேசு" என்று அவர் கெஞ்சுவது கேட்டது. தூரத்தில் அவள் குரல்.

"அம்மாவும் போன்ல பேசினாங்க."

அப்பா போனை வெளியே எடுத்துப் போய் விளக்கினார். ஆபரேஷனுக்கு உள்ளே போகும் முன் அந்த அம்மா பேசியிருக்கிறாள். வந்துவிடுவேன் என்றுதானே சொல்லியிருப்பாள், வேறென்ன சொல்லியிருப்பாள்? போனில் வருகிற குரலை அந்தப் பிள்ளை இனி எப்படி நம்பும்?

பிப்ரவரி 21, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம், மூன்று பேராக.

மிளகை இங்கே கூட்டி வரச் சொல்கிறேன் என்றேன். என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் என் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "பச்சை உடம்புக்காரி. துக்கம் நடந்த வீட்டுப் பிள்ளைய இப்போ எதுக்குடி? ரெண்டு மாசம் போகட்டும்."

எங்கிருந்துதான் எனக்கு அந்தக் குரல் வந்ததோ. "அவ என்னம்மா பண்ணினா? ஆறு வயசும்மா அவளுக்கு! நான் செத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டுப் படுத்துக்கிடக்கா!" தையல் இழுத்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குழந்தை வீறிட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "நாளைக்கு வரச் சொல்லு. ஒரு வாய் சாப்பிட்டுப் போகட்டும்," என்றார்.

இவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சொல்லப் போனார். 'தெரியும்' என்ற குற்றத்துக்கு இப்போதுதான் பாதி மன்னிப்பு.

பிப்ரவரி 22, சனி

வந்தாள்.

அப்பா தோளில் தம்பிப் பாப்பாவோடு முன்னால் வந்தார். அவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். இளைத்திருந்தாள். "வாடி மிளகு" என்றேன். வரவில்லை. என்னைப் பார்த்தாள், மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள், திரும்ப என்னை. பிறகு விடுவிடுவென்று வந்து என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"ஸ்ஸ்ஸ்! வலிக்குதுடி!"

"நெஜமா வலிக்குதா?"

"நீயே பாரு, எப்படிச் சிவந்திருக்கு."

குனிந்து பார்த்தாள். சிவப்பின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். அதன் பிறகுதான் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். குழந்தையைக் காட்டிக் கேட்டாள்.

"இது யாருக்குப் பதில்?"

"யாருக்கும் பதில் இல்ல. சும்மா வந்திருக்கா."

"சும்மாவா?"

"சும்மாதான். நம்மளப் பார்க்கணும்னு."

அப்பாவின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவன் அவர் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"அப்போ அவன்?"

இதைச் சொல்லாமல் விட்டால் நான் என்ன மிஸ்? "அவனும் சும்மாதான் வந்தான் கண்ணு. அம்மா போனது உடம்புக்கு முடியாமப் போனதால. அவனாலயும் இல்ல, உன்னாலயும் இல்ல. பதில்னு சொன்னவங்க தப்பாச் சொல்லிட்டாங்க. நானும் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் அம்மா தட்டோடு வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகு அழவும் இல்லை, ஓடிப்போய் அவனைக் கொஞ்சவும் இல்லை. தட்டைக் காலி செய்தாள். போகும்போது, "திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வருவேன்" என்று எனக்கு அனுமதி கொடுப்பது போலச் சொன்னாள். அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று பதில் சார் போனில் கதை கதையாகச் சொன்னார். அலமாரிப் பூட்டு உடைந்துவிட்டதாம் (தூக்கித் தள்ளச் சொன்னேனே மனுஷா). தினமும் கடைசி மணி கேள்வி நேரமாம். பல்லியைப் பற்றிப் படித்துவந்து சொல்லிவிட்டாராம், இப்போது எறும்பில் நிற்கிறாராம்.

"மிளகு இன்னைக்கு எந்திரிச்சா மிஸ். என்ன கேள்வின்னு கேட்டேன். கேள்வி இல்லையாம், சேதியாம். 'எங்க தம்பிக்குப் பல்லு முளைச்சிடுச்சு'ன்னா."

"என்னன்னு சொன்னா?"

"பல்லு முளைச்சிடுச்சுன்னு."

"அதுக்கு முன்னாடி?"

"எங்க தம்பிக்கு..."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். பாவம், போன் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார். அவன் கடித்த விரலைப் பெஞ்சு பெஞ்சாகப் போய் எல்லாரிடமும் காட்டினாளாம்.