மேடையில் போட்ட வட்டம்

ஐப்பசி 12, வியாழன்
விடிந்ததிலிருந்து சாரல். சந்தையில் விற்கப் பறித்த பிச்சிப்பூ பாதி நனைந்து வீண். நாளை நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் மாநாடு. குடி நிறுத்தியவர்கள் சேர்ந்த எங்கள் குழுவில் ஆறு பேரும் போகிறோம். குழுவை நடத்தும் ஸ்டெல்லா மேடம் ஏற்பாடு. மனைவிமாரும் வரலாமாம். எடுக்க வேண்டியவை: வெள்ளை வேட்டி, கண்ணாடி, சுகர் மாத்திரை, குடை. இந்தக் குடை மச்சினன் கல்யாணத்தில் மாறி வந்தது. என்னுடையது நல்ல குடை. எவன் பிடிக்கிறானோ.

13, வெள்ளி
பேனரில் 'சமூகக் குழுப்பணி: மரபும் எதிர்காலமும்'. ஆட்களை வட்டமாக உட்காரவைத்துத் தேற்றும் வேலை எப்படித் தொடங்கியது என்று ஒரு பேராசிரியர். இனி எல்லாம் போனிலேயே நடக்கும் என்று இன்னொருவர். பக்கத்தில் எங்கள் குழுவின் செல்லப்பன் நல்ல தூக்கம். மதியம் அவியல், அடைப்பிரதமன் பாயசம். வெல்லம் போதாது.

பிறகு எங்கள் கூட்டத்தை மேடையில் நடத்திக் காட்டச் சொன்னார்கள். வாராவாரம் புதன்கிழமைக் கூட்டத்தில் மாதிரியே நாற்காலிகள் வட்டமாக. நடுவில் மைக். அங்கேதான் பிசகு. வட்டத்துக்குள் உட்கார்ந்தால் ஒளிக்காமல் பேசிப் பழகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் அரங்கம் இருப்பதே மறந்துவிட்டது. குழுவால் என்ன பலன் என்று மேடம் கேட்டார். எங்கெங்கோ சுற்றி, ஓணத்துக்குத் தன் மச்சான் வீட்டில் செல்லப்பன் மறுபடி குடித்ததையும், அடுத்த புதன் எங்களிடம் வந்து அழுததையும் சொன்னேன். ஒரே கைதட்டல்.

திரும்பினால் நாலாவது வரிசையில் செல்லப்பன் மனைவி பகவதி. தட்டவில்லை. அவளுக்கு இது தெரியாது. இனி ஒரு தடவை குடித்தால் அம்மா வீடுதான் என்று சொல்லி வைத்திருந்தவள்.

வேனில் செல்லப்பன் முன் சீட்டுக்குப் போய்விட்டார். இறங்கும்போது என்னிடம், "வட்டத்துல சொன்னத வட்டத்துல வைக்கத் தெரியாதா வே உமக்கு?"

14, சனி
மழை இல்லை. பூச்சந்தைக்குப் போகவில்லை. பகவதி திருவட்டாறில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று டீக்கடையில் பேச்சு. எந்தப் பயலோ போட்டுக் கொடுத்திருக்கிறான் என்றார் கடைக்காரர். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

16, திங்கள்
காலையில் வாசலில் பகவதி. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"அண்ணாச்சி, எனக்குத் தெரியாம இன்னும் ஏதாச்சும் உண்டுமா?"

உண்டு. இரண்டு. நாக்கு நுனி வரை வந்தது.

"அவருட்டயே கேளும்மா. நான் சொல்ல மாட்டேன்."

"அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால சொன்னியளே."

செல்லப்பன் வீட்டுப் பக்கம் போகாமல் நேரே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

18, புதன்
கூட்டம். என் தப்பை நானே சொன்னேன். வட்டத்துப் பேச்சை வெளியே விட்டவன் மூன்று வாரம் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். இது நாங்களே போட்ட விதி. இவரால் மூன்று நிமிஷம் ஆகுமா என்று ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

செல்லப்பன் தாமதமாக வந்தார். காலியாக இருந்தது என் பக்கத்து நாற்காலிதான். உட்கார்ந்தார். பகவதி போனில் கேட்டாளாம். மீதி இரண்டையும் நாளை திருவட்டாறுக்குப் போய் நேரிலேயே சொல்லப் போகிறாராம். பிறகு என் பக்கம் திரும்பி,

"எப்படித் தொடங்கணும்னு தெரியல வே. நீருல்லா கத சொல்லுகவரு. சொல்லும்."

எனக்கு நாலு விதம் தெரியும். மேடத்தைப் பார்த்தேன். கூடாதென்று தலையசைத்தார். வாயைக் கையால் பொத்திக் காட்டினேன். செல்லப்பன், பகவதியிடம் சொல்ல வேண்டியதைத் தானாகவே சொல்லத் தொடங்கினார்.