நெஞ்சுக்கு ஒரு படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்றுதான் எழுதப் போகிறீர்கள். இந்த முறை கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் கல்லூரி மருத்துவ மையத்தின் முத்திரை இல்லாமல் வகுப்பில் உட்கார விடமாட்டார்கள். தடுப்பூசிகளை இரண்டு கையிலும் சிங்கம் மாதிரி வாங்கிக்கொண்டேன். காசநோய்ச் சோதனைக்குப் போட்ட ஊசிதான் முன்னங்கையில் தடித்து வீங்கிவிட்டது.

"சின்ன வயசுல போட்ட தடுப்பூசியாலயும் வீங்கும், பயப்படாதே" என்று சொல்லி நர்ஸம்மா எக்ஸ்ரே எடுக்க வைத்தார். என் நுரையீரல் துடைத்த கண்ணாடி மாதிரி இருக்கிறதாம்.

ஆனால் ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?"

"அப்பாவுக்கு இருக்கு. மாவு மில்லுத் தூசின்னு சொல்வாரு."

"டாக்டர் சொன்னாரா, அவரே சொல்லிக்கிறாரா?"



அதனால் சாக்குப்போக்குச் சொல்லாமல் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுக்கு ஒரு படம் எடுங்கள். மில்லை ஒரு நாள் மூடினால் ஊர் பட்டினி கிடக்காது. டாக்டர் சொன்னதை ஒன்றும் மறைக்காமல் எழுதுங்கள். அப்படியே உங்கள் பழைய துண்டு ஒன்றையும் அனுப்புங்கள். இங்கே விற்பது ஈரத்தையே வாங்குவதில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும். பேசும்போது இருமல் வந்தால் "சிக்னல் இல்லைம்மா" என்று போனை வைத்துவிடாதீர்கள். இருமி முடியுங்கள், நான் லைனிலேயே இருப்பேன்.

உங்கள்
மூத்தவள்