அண்ணன் விரலில் ஒரு சொட்டு

படப்பை

அன்புள்ள அம்மாவுக்கு, இசக்கிசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் அண்ணன் பக்கத்திலேயே நிற்பான், அதனால்தான் கடிதம்.

லேப் வகுப்பில் எங்கள் விரலையே குத்தி, ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயமிட்டுப் பழகுகிறோம். என் விரல்கள் புண்ணாகிவிட்டதால், நேற்று வீட்டில் அண்ணன் தன் விரலை நீட்டினான். "குத்துட்டி, கம்பெனியில நான் அடிக்கிற பெயிண்ட்தான் வரும்" என்று கேலி வேறு.

வெள்ளை அணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிய வேண்டும். அவன் ரத்தத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்த அலமு மிஸ், "யாருதும்மா இது? சீக்கிரமா பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ" என்றார்.

சாயக் கோளாறாகவும் இருக்கலாம், பயப்படாதீர்கள். ஆனால் குத்திய இடத்தில் இன்னும் ரத்தம் கசிகிறது. "ஏட்டி, என் ரத்தம் பாஸா ஃபெயிலா?" என்று கேட்டான். பாஸ் என்று பொய் சொன்னேன். நீங்கள் சொன்னால்தான் லீவு போடுவான். கருப்பட்டியும் அவனுடைய பழைய போர்வையும் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள். ராத்திரியில் குளிர்கிறது என்கிறான்.

வேலைக்குப் போக, ஒரகடம் பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறான். இதைத் தபாலில் போடப்போவதும் அவன்தான், அதனால் அழுத்தி ஒட்டுகிறேன். உறையில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால், அது அவன் விரல் பட்டதுதான்.

உங்கள் மகள்
செல்வி