நாலாவது சில்லு

1993 சனவரி 22, வெள்ளி

இன்றைக்கும் தேசிக்காய்ச் சாறு என் பள்ளிக்கூடச் சப்பாத்தில் தெறித்துவிட்டது. பாத்திரம் கழுவுகிற லெமன் சோப்பு மணக்கிறது என்று என் வகுப்பு நாடலி மூக்கைச் சுருக்கினாள். அவளுக்கு என்ன சொல்ல? எங்கள் லொறியின் நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைப்பது என் வேலை என்றா?

வியாழன் இரவு முழுக்க அப்பாவும் சித்தப்பாவும் ஃபாரஸ்ட் கேட்டில் தையல் தொழிற்சாலைகளில் உடுப்புகளை ஏற்றுவார்கள். வெள்ளி காலை புறப்படுவார்கள். பேர்மிங்காம், லீட்ஸ் என்று இறக்கி இறக்கிப் போய், சனி காலை கடை திறக்க முதல் கிளாஸ்கோவில் நிற்க வேண்டும். புறப்படும்போது அப்பா முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டுவார். நான் தேசிக்காய் வைப்பேன். சித்தப்பா தலையை வெளியே நீட்டி, "மனேச்சர், போகலாமோ?" என்று கேட்பார். நான் "போகலாம்" என்றால்தான் லொறி அசையும். நாலும் நசியும். போய்ச் சேர்ந்ததும் தெருப் போனில் இருந்து வீட்டுக்கு இரண்டு தரம் மணி அடித்துவிட்டு வைப்பார்கள். எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போய்விடும்.

பெப்ரவரி 12, வெள்ளி

காலையில் அம்மாவும் அப்பாவும் சண்டை.

"லொறிக்கு டீசல் ஊத்தினாக் காணுமே? ஓடுற ஆக்களுக்கு நித்திரை வேண்டாமே?"

"முன்னால பிள்ளையார் இருக்கிறார். அவர் நித்திரை கொள்ளுறேல்லை."

சித்தப்பா தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "அவருக்கென்ன அண்ணை, இருந்த இடத்தில கொழுக்கட்டை" என்றார். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சித்தி மட்டும் சிரிக்கவில்லை. தன் குழந்தையை, என் தம்பியை, இடுப்பில் வைத்துக்கொண்டு சித்தப்பாவின் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றா. அவை சிவந்திருந்தன.

பெப்ரவரி 23, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் பான்கேக் சுட்டோம். மேலே சீனி போட்டு, பிளாஸ்ரிக் தேசிக்காய்ப் போத்தலில் இருந்து சாறு பிழிந்தோம். அசல் பழம் மாதிரியே மஞ்சள், மேடு பள்ளம்கூட இருக்கிறது. தலையில் பச்சை மூடி. மிச்சச் சாறோடு ஒன்றை ரீச்சர் எனக்குத் தந்தா. சித்தப்பாவுக்குக் காட்ட வேண்டும்.

பெப்ரவரி 26, வெள்ளி

தேசிக்காய் வாங்கச் சொல்லி அம்மா நேற்றே காசு தந்தவ. நான் நாடலியோடு நூலகத்துக்குப் போய் மறந்துபோனேன். காலையில் பார்த்தால் மூன்றுதான் இருந்தன. கடை திறக்கவில்லை. அப்பா கீழே "பிள்ளை, கெதியா வா" என்று கூப்பிடுகிறார்.

பிளாஸ்ரிக்கை எடுத்துக்கொண்டு போனேன். பச்சை மூடியை உள்ளே திருப்பி, சாரதிப் பக்க முன் சில்லுக்கு அடியில் வைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை.

டமார் என்று வெடித்தது.

"சத்தத்தைப் பார் அண்ணை! இண்டைக்கு நல்ல பழம்!" சித்தப்பா கை தட்டினார்.

லொறி தெருமுனையில் திரும்பியதும், தகடாய் நசிந்த பிளாஸ்ரிக்கைக் காலால் தள்ளி வடிகானுக்குள் விழுத்தினேன். புறப்பட முதல் சித்தப்பா கேட்டபோது நான் "போகலாம்" என்று சொன்னேன். சொன்னேன்.

பெப்ரவரி 27, சனி

மணி அடிக்கவில்லை. பொலிஸ்தான் வந்தது. அம்மாவுக்கும் சித்திக்கும் அவர்கள் பேசுவது விளங்கவில்லை. நான்தான் தமிழில் சொன்னேன். அப்பா ஆஸ்பத்திரியில் என்று முதலில் சொன்னேன். சித்தி என் தோளைப் பிடித்து உலுக்கி, "அவருக்கென்ன? அவருக்கு என்னவாம்? சொல்லன்!" என்று கத்தினா.

நான் சொன்னேன்.

மார்ச் 4

சித்தியும் தம்பியும் இப்போது என் அறையில் படுக்கிறார்கள். நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, காய்ந்த தொட்டிக்குள் இருந்து எழுதுகிறேன். இங்கிலீசில் எழுதினால் அம்மாவால் வாசிக்க ஏலாது. ஆனால் பயம் எனக்குத் தமிழில்தான் வருகிறது.

லொறியை ஓட்டியது சித்தப்பா. பக்கத்தில் அப்பா. அப்பாவுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. ரோட்டில் ஐஸ் இருந்தது, வழுக்கிவிட்டது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சித்தியிடம் சொன்னார்.

சாரதிப் பக்கம். முன் சில்லு.

பிள்ளையாரே, சித்தப்பா உங்களுக்கு என்ன செய்தவர்? ஏமாற்றியது நான்தானே?

மார்ச் 10

சித்தப்பாவை எரித்தோம். பெட்டியை அடுப்புக்குள் அனுப்புகிற பொத்தானை அமத்தத் தம்பியின் கையைப் பிடித்து வைத்தார்கள். அவன் சிரித்தான்.

மார்ச் 21

துடக்கு வீடு. முப்பத்தொராம் நாள் கழியும்வரை விளக்கு ஏற்றக் கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது. எனக்கு அது நல்லதாக இருக்கிறது. பிள்ளையாரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை.

ஏப்ரல் 2, வெள்ளி

முப்பத்தொன்று திங்களோடு முடிந்தது. இன்றைக்கு அம்மா முழுகிவிட்டு வந்து விளக்குக்குத் திரி போட்டா. அப்பா ஊன்றுகோலோடு எழும்பிப் போய்த் திரியைப் பிடுங்கி எறிந்தார். சாமி அறைப் பிள்ளையார் படத்தைக் கழற்றிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நான் என்ன குறை விட்டனான்? ஒரு வெள்ளி, ஒரே ஒரு வெள்ளியெண்டாலும் நாலு பழம் தவறினதோ? அவர் என்ரை தம்பியைப் பாத்தவரோ? இனி இந்த வீட்டில கும்பிடுற வேலை இல்லை."

அம்மா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டா. நான் படியில் நின்றேன்.

தவறியது, அப்பா. ஒரு வெள்ளி தவறியது.

நான் சொன்னால் அவருக்குப் பிள்ளையார் திரும்பக் கிடைப்பார். பிறகு என்னை அவர் எப்படிப் பார்ப்பார்? சித்தி? அந்த அறையில் எனக்குப் பக்கத்தில் படுப்பாவா?

ஏப்ரல் 4

நாளைக்குச் சொல்லுவேன்.

ஏப்ரல் 6

அப்பா சாப்பிடுகிறார் இல்லை. குசினியில் இருந்து ஜன்னலுக்கு வெளியே, லொறி நின்ற இடத்தைப் பார்க்கிறார். முந்தியெல்லாம் ஒரு வாய் வைக்க முதல் கண்ணை மூடுவார். இப்போது கண்ணை மூடவே பயப்படுகிற மாதிரி இருக்கிறார்.

நாளைக்கு. கட்டாயம்.

ஏப்ரல் 9, பெரிய வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அம்மாவும் சித்தியும் தம்பியைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போயிருந்தார்கள். அப்பா குசினியில் காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நூலகம், மூன்று பழம், பான்கேக், பச்சை மூடி, சித்தப்பா கை தட்டியது. "பிள்ளையார் உங்களைக் கைவிடேல்லை அப்பா. நான்தான் பிழை விட்டனான். நீங்கள் அவரோட கோவிக்காதேங்கோ."

அடிப்பார் என்று கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால் அப்பாவின் முகம் கோணியிருந்தது.

"பிளாஸ்ரிக்கோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"இவ்வளவு நாளும் இதை வைச்சுக்கொண்டே திரிஞ்சனீ?"

"ஓம்."

என்னை இழுத்து ஊன்றுகோலோடு சேர்த்துக் கட்டிப் பிடித்தார். அவருடைய தாடி குத்தியது. பிறகு என் தலைக்கு மேலே, எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், சொன்னார்:

"பழத்தால இல்லைக் குஞ்சு. லீட்ஸ் கழிய அவன் கேட்டவன். 'அண்ணை, கண் இழுக்குது, எங்கையாவது நிப்பாட்டி ஒரு மணித்தியாலம் படுப்பம்' எண்டு. நான் சொன்னன், 'பிள்ளையார் இருக்கிறார், நீ ஓடு.' சொல்லிப்போட்டு நான் படுத்திட்டன்."

என்னை விட்டுவிட்டுத் தன் காலைப் பார்த்தார்.

"ஐஸ் இருக்கேல்லை" என்றார்.

அப்படியென்றால் நான் இல்லையா? எனக்குள் ஏதோ அவிழ்ந்து லேசாகியது. சித்தப்பா செத்துக் கிடக்க, அப்பா அழுதுகொண்டிருக்க, எனக்கு லேசாக இருந்தது. அதை நினைத்துத்தான் இப்போது தொட்டிக்குள் இருந்து அழுகிறேன்.

ஏப்ரல் 10, சனி

அப்பா சித்தியிடம் சொல்லிவிட்டார். "பதின்மூண்டு வயசுப் பிள்ளை சொல்லிப்போட்டுது. நான் சொல்லாமல் இருக்க ஏலுமே?" என்று அம்மாவிடம் சொன்னது கேட்டது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சித்தி கத்துவா என்று நினைத்தேன். கத்தவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டா.

"ஒரு மணித்தியாலம். ஒரு மணித்தியாலம்தானே அவர் கேட்டவர், அண்ணை?"

ஏப்ரல் 17, சனி

ஹவுன்ஸ்லோவில் இருக்கிற சித்தியின் தமையன் வந்து அவவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சித்தப்பாவின் மழைக்கோட்டைச் சித்தி பெட்டிக்குள் வைக்காமல் போட்டுக்கொண்டு போனா. கை விரல் தெரியவில்லை, அவ்வளவு நீளம். அப்பா வாசலில் ஊன்றுகோலோடு நின்றார். அவ அவரைக் கடந்து போனா. என் கன்னத்தைத் தடவி, "வடிவாப் படி" என்றா. அவ்வளவுதான்.

என் அறை திரும்பவும் எனக்கே. கட்டிலுக்கு அடியில் தம்பியின் ஒற்றைக் காலுறை கிடக்கிறது. எடுக்கவில்லை.

மே 30

சித்தி போன் எடுக்கிறா இல்லை.

யூலை 23, வெள்ளி

அப்பா பழைய லொறி ஒன்று எடுத்திருக்கிறார். இன்றைக்குத்தான் முதல் ஓட்டம், தனியாக. கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது.

சாமி அறைப் பிள்ளையாரைத் தானே சுவரில் இருந்து திருப்பி, தூசி துடைத்து, லொறியில் வைத்தார். கற்பூரம் காட்டினார். அம்மா நாலு தேசிக்காய் கொண்டுவந்து அவரிடம் நீட்டினா. அவர் வாங்கவில்லை.

"அவள் வைக்கட்டும்."

ஒவ்வொன்றாக மணந்து பார்த்து வைத்தேன். சாரதிப் பக்கத்தைக் கடைசியாக வைத்தேன். அப்பா ஏறி இருந்தார். "போகலாமோ" என்று கேட்க ஆள் இல்லை. மூன்று பேரும் அந்தக் கேள்விக்குக் காத்துக்கொண்டு நின்றோம். பிறகு அப்பா கண்ணாடியை இறக்கி, எங்களைப் பார்க்காமல் சொன்னார்:

"ரெண்டு மணி அடிச்சால் போய்ச் சேந்திட்டன். ஒரு மணி அடிச்சால், நிப்பாட்டிப் படுக்கிறன் எண்டு அர்த்தம்."

லொறி நாலு பழத்தையும் நசித்துக்கொண்டு போனது.

இருட்டிய பிறகு நானும் அம்மாவும் போனுக்குப் பக்கத்தில், படியில் இருந்தோம். ஒரு தரம் அடித்தது. அம்மாவின் கை எடுக்கப் போய் நின்றது. இரண்டாவது அடிக்கவில்லை.

"படுத்திட்டார்" என்றா அம்மா. பிறகு, "லீட்ஸ் கழிஞ்சிருக்கும்" என்றா.

இரண்டு பேரும் எழும்பவில்லை. அவர் நித்திரை கொள்கிற அந்த ஒரு மணித்தியாலமும் சத்தம் போடாமல் படியிலேயே இருந்தோம்.