பாலில் ஒரு சொட்டு

ஜூன் 4

என் செல்லத் தங்கச்சிக்கு,

நீ வந்து பொடிசைக் கூட்டிட்டுப் போனதுல இருந்து வீடு வெறிச்சுன்னு கிடக்கு. ஃப்ரிட்ஜைத் திறந்தா ஐஸ் தட்டு காலி. எல்லாம் உன் மக வேலை.

நேர்ல சொல்ல வாய்க்கல, அதான் எழுதறேன். லீவுக்கு வந்த புதுசுல கைதவறி ஒரு டம்ளரை உடைச்சிட்டு, கதவுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டா. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு பயம் எதுக்குடி? ஸ்கூல்ல அறிவியல் நடத்துற எனக்கு வேற என்ன தெரியும், கையில ஒரு வேலையைக் குடுத்தேன். ஒரு ஐஸ் கட்டியை வெளியில தட்டுல வச்சோம், இன்னொண்ணை என் ஸ்வெட்டருக்குள்ள சுத்தி வச்சோம். எது முதல்ல கரையும்னு கேட்டேன். ஸ்வெட்டர்தான் சூடு, அதுக்குள்ள இருக்கறதுதான்னு அடிச்சுச் சொன்னா. பிரிச்சுப் பாத்தா அது அப்படியே இருக்கு. அழப்போறாளோன்னு நினைச்சேன். கைகொட்டிச் சிரிச்சா. "நான் நினைச்சது தப்பு பெரியம்மா, எதுக்கு அப்படி ஆச்சு?"ன்னு கேட்டா.

அறிவியல் படிச்சா மார்க் வரும், வேலை வரும்னு ஊர்ல நூறு பேர் சொல்வாங்க. எனக்கு இந்தச் சிரிப்புதான் பெருசு. தான் நினைச்சது தப்பாப் போனதுக்குச் சிரிக்கத் தெரிஞ்ச பிள்ளை இனிமே கதவுக்குப் பின்னால போய் நிக்காது. கிளம்பற வரைக்கும் எதுக்கு, எதுக்குன்னு என் உயிரை எடுத்தா.

அவ பையில ஒரு சின்ன அயோடின் பாட்டில் இருக்கும். மாவு கலந்த எது மேல ஒரு சொட்டு விட்டாலும் நீலமாகும். வாயில மட்டும் வைக்க விடாதே. வீட்டை ஒரு வழி பண்ணுவா, பொறுத்துக்கோ. யார் சொன்னாலும் சரி, செஞ்சு பாத்துட்டு நம்புன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு.

உன் அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

போன்ல பேசினா அவர் காதுல விழும். அதனால எழுதறேன்.

முதல் வாரம் நல்லாத்தான் போச்சு. ரொட்டி நீலம், உருளைக்கிழங்கு நீலம், என் தலையணை உறைகூட நீலம். வகுப்புல கை தூக்கிக் கேள்வி கேக்கறாளாம், டீச்சரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. வாயே திறக்காத பிள்ளையான்னு எனக்குப் பெருமை தாங்கல. உன்னை மனசுக்குள்ள எத்தனை தடவை கும்பிட்டேன் தெரியுமா?

போன ஞாயித்துக்கிழமை நம்ம பால் கடையில நல்ல கூட்டம். இவ பாட்டிலோட போயிருக்கா. ஒரு கரண்டி பால் எடுத்து, அதுல ஒரு சொட்டு விட்டிருக்கா. "அப்பா, நம்ம பால் நீலமாகுது! உள்ள மாவு இருக்கு!" குதிச்சுக்கிட்டே சொன்னாளாம். பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். வரிசையில முதல்ல நின்ன தையல்கார அம்மா பால் வாங்காமத் தூக்கை மூடிக்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க பின்னாலயே மத்தவங்களும்.

அவர் பிடுங்கி எறிஞ்ச பாட்டில் உடையல. நான் எடுத்து அலமாரி மேல ஒளிச்சு வச்சேன். அவளை அடிக்கல. அடிச்சிருந்தாத் தேவலை. பக்கத்துல உக்காந்து சாப்பிடறதில்ல, முகம் குடுத்துப் பேசறதில்ல. இவ அவர் பின்னாலயே போயி, "எதுக்குப்பா மாவு போட்டீங்க?"ன்னு கேக்கறா. விடவே மாட்டேங்கறா.

நீ கேக்கத்தான் போறே, நானே சொல்லிடறேன். எனக்குத் தெரியும். விடியறதுக்கு முன்னாடி எழுந்து மாவைக் கரைச்சுக் குடுக்கறதே நான்தான். தண்ணி ஊத்தினது தெரியாம இருக்கணுமே.

எனக்காக ஒண்ணு பண்ணு. அந்த அயோடின் மருந்து பழசு, அதனால நல்ல பாலும் நீலமாயிடுச்சுன்னு அவளுக்கு ரெண்டு வரி எழுது. நான் சொன்னா நம்ப மாட்டா. நீ சொன்னா அவளுக்கு வேதவாக்கு. அப்பாவும் பொண்ணும் இப்படி இருக்கறதை என்னால பாக்க முடியல.

உன் தங்கச்சி


ஜூன் 28

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சிட்டு வந்த கோபத்துல மூணு பக்கம் எழுதினேன். அப்புறம் கிழிச்சுப் போட்டேன்.

குழந்தைகள் குடிக்கற பால்டி அது. உன் வீட்டுக்காரர்கிட்ட நீ கேக்க வேண்டிய கேள்வியை உன் மக கேட்டிருக்கா. அதுக்கு அவளைப் பொய்க்காரி ஆக்கச் சொல்றே. இருபது வருஷமா பிளாக்போர்டு முன்னால நின்னு நான் சொன்னதையெல்லாம் நானே அழிக்கணும்.

ஆனா அம்மா போனப்ப நீ என் இடுப்புல இருந்தே. உன் குடும்பம் இதனால உடைஞ்சா அது என் தலையிலதான் விடியும். மாவு போடறதை நிறுத்திடுவோம்னு நீ எனக்கு வாக்குக் குடுக்கணும். அந்த நம்பிக்கையிலதான் பொடிசுக்குத் தனியா ஒரு தாள் வச்சிருக்கேன்.

"என் தங்கத்துக்கு, பெரியம்மா குடுத்த மருந்து ரொம்பப் பழசு. பழசானா அது நல்ல பாலையும் நீலமாக்கிடும். பாக்காமக் குடுத்தது என் தப்பு. அப்பா மேல ஒரு தப்பும் இல்ல. அவர்கிட்டப் போய்ச் சமாதானமாகு."

எழுதி முடிச்சதும் கை கழுவணும்போல இருந்துச்சு.

அக்கா


ஜூலை 17

அக்காவுக்கு,

உன் தாளைப் படிச்சதும் பொடிசு ஓடிப்போய் அவர் மடியில ஏறி உக்காந்தா. "ஸாரிப்பா, என்னோட சோதனைதான் தப்பு"ன்னு சிரிச்சா. நீ எழுதினியே, அதே சிரிப்பு. அவர் அவளுக்கு ஊட்டிவிட்டார். ரெண்டு நாள் என் வீடு வீடா இருந்துச்சு.

அப்புறம் அலமாரி மேல இருந்த பாட்டிலை எடுத்துட்டா. சந்தேகத்துல எடுக்கல அக்கா. பழைய மருந்து நல்ல பாலை எப்படி நீலமாக்குதுன்னு படம் வரைஞ்சு உனக்கு அனுப்பணுமாம். பெரியம்மா சந்தோஷப்படுவாங்கன்னு சொன்னா. பக்கத்து வீட்ல வேற கடைப் பால் வாங்கறாங்க. அதுல கொஞ்சம் கேட்டு வாங்கிட்டு வந்து ஒரு கிண்ணத்துல ஊத்தினா. இன்னொரு கிண்ணத்துல நம்ம பால். கலர் பென்சிலைச் சீவி வச்சுக்கிட்டு சொட்டு விட்டா.

அவங்க பால் நீலமாகல. நம்ம பால்தான் ஆச்சு.

கிண்ணத்தைக் கழுவித் துடைச்சு, மாத்தி ஊத்தி, திரும்பவும் விட்டா. அதேதான். அப்புறம் என்கிட்ட, "பெரியம்மாவுக்குத் தெரியாதா, தெரிஞ்சேதான் எழுதினாங்களா?"ன்னு கேட்டா. நான் அடுப்பைப் பாத்துத் திரும்பிக்கிட்டேன். பென்சிலையெல்லாம் டப்பாவுல போட்டு மூடிட்டா.

நான் கேட்டேன், சரி. என் வாழ்க்கைக்காகக் கேட்டேன். நீ எதுக்கு அக்கா எழுதிக் குடுத்தே? நாங்க ரெண்டு பேரும் பொய் சொல்வோம்னு அவளுக்குப் பாதி தெரியும். நீ சொல்லவே மாட்டேன்னு நம்பிக்கிட்டு இருந்தா.

நீ கேட்ட வாக்கை என்னால குடுக்க முடியல. கடையை விட்டுப் போனவங்கள்ல பாதிப் பேர் திரும்பி வந்துட்டாங்க, இனி எவனும் பேச மாட்டான்னு அவர் சொல்றார். பொண்ணு அடங்கிட்டான்னு அவருக்கு நிம்மதி. டீச்சர்தான், அவளுக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க.

இனிமே அவளுக்கு எதுவும் எழுதாதே. வந்தாலும் குடுக்க மாட்டேன்.

இன்னிக்குக் காலையில நான் மாவு கரைக்கும்போது தானா எழுந்து வந்தா. பாத்திரம் ஆடாம ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னா. எதுக்குன்னு கேக்கல.

தங்கச்சி