வீட்டில் எத்தனை பேர்?

பல்லாரட்,
ஆஸ்திரேலியா,
6 பிப்ரவரி 2024

மதிப்பிற்குரிய லிண்ட்சி பென்ரோஸ் அவர்களுக்கு,

நோலீன் எழுதுவது. நான் நலம். நீங்களும் நலம் என்று நம் மகள் லியான் சொன்னாள். உங்கள் டவுன்ஸ்வில் முகவரியைக் கொடுத்ததும் அவள்தான். ஃபோன் பண்ணிவிடலாமே என்றாள். உங்களுக்குக் காது கேட்பதில்லை, எனக்குப் பொறுமை கிடையாது. ஆகவே இந்தக் கடிதம்.

கரண்டுக்கும் கேஸுக்கும் கட்டணம் ஏறுகிறது என்று கம்பெனியிலிருந்து தாள் வந்திருக்கிறது. தெருவில் எல்லாரும் நாலு கம்பெனியை ஒப்பிட்டுப் பார்த்து மலிவானதற்கு மாறிவிட்டார்கள். நான் ஒருத்திதான் பழையதையே கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன். சரி, மாறிவிடலாம் என்று கூப்பிட்டால் ஃபோனில் ஒரு பெண்.

"கணக்கு மிஸ்டர் பென்ரோஸ் பேர்ல இருக்குங்க. அவர்கிட்ட குடுங்க, பேசிக்கிறேன்."

"அவர் வீட்டில இல்லம்மா."

"எப்ப வருவாருங்க?"

"அவர் போயே பதினோரு வருஷம் ஆச்சு."

"ஐயோ, ரொம்ப வருத்தமா இருக்குங்க. இறப்புச் சான்றிதழ் அனுப்பினீங்கன்னா பேரை எடுத்துடலாம்."

நீங்கள் சாகவில்லை, வெயிலைத் தேடி வடக்கே போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்று அவளுக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. இத்தனை வருஷம் உங்கள் பெயருக்கு வந்த பில்லை நான்தான் கட்டிவந்தேன். பெயரை மாற்றாமல் விட்டது சோம்பலால், வேறு காரணம் ஒன்றுமில்லை.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். உங்கள் பெயரை நீக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். வேறெதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
நோலீன் பென்ரோஸ்


டவுன்ஸ்வில்,
15 பிப்ரவரி 2024

அன்புள்ள நோலி,

'மதிப்பிற்குரிய' என்று பார்த்ததும் நகராட்சியிலிருந்து ஏதோ அபராதம் என்று பயந்துபோனேன். முப்பத்தைந்து வருஷம் "ஏய் லிண்ட், காது செவிடா?" என்று கூப்பிட்டவள் நீ. இப்போது நிஜமாகவே செவிடான பிறகு 'அவர்கள்' போடுகிறாய்.

செத்துப்போனதாக என்னைப் பதிவு செய்யாமல் விட்டதற்கு நன்றி.

கையெழுத்துப் போடுகிறேன், மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போய் எதிலும் விழாதே. முப்பத்தொரு வருஷம் அந்த ஊரில் கேஸ் மீட்டர் பார்த்தவன் சொல்கிறேன். 'எங்கள் யூனிட் விலைதான் குறைவு' என்று ஒரு கையால் கொடுப்பான், 'இணைப்புக்குத் தினக் கட்டணம்' என்று மறு கையால் பிடுங்குவான். நீ அடுப்பே மூட்டாத நாளிலும் தினக் கட்டணம் ஓடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் யார் மலிவு என்று தெரியும். போன வருஷத்து பில்களை அனுப்பு. இங்கே நூலகத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது, உட்கார்ந்து எல்லாக் கம்பெனியையும் ஒப்பிட்டுச் சொல்கிறேன். எனக்கும் பொழுது போக வேண்டும்.

கேஸ் மீட்டரையும் நீயே பார்த்து எழுது. பில்லில் வரும் எண் பாதி நேரம் உத்தேசமாகப் போட்டது. கறுப்பு எண்களை மட்டும் எழுது, சிவப்பு வேண்டாம். அந்த எலுமிச்சை மரத்தின் கிளையை யாரையாவது வைத்து வெட்டு. மீட்டர் பார்க்க வருகிறவன் முகத்தில் குத்தினால் அவன் திரும்பிப் போய் இஷ்டத்துக்கு ஓர் எண்ணைப் போடுவான். நானும் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஒப்பிடும் பக்கத்தைத் திறந்ததும் முதல் கேள்வியே, வீட்டில் எத்தனை பேர் என்பதுதான். கேட்பது கம்ப்யூட்டர், நானில்லை.

படிவத்துக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு. அந்த வீட்டில் என் பெயர் மிச்சமிருப்பது அந்த பில்லில் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அதையும் அடித்துக் கொடுக்கக் கை உடனே வரவில்லை.

உன்,
லிண்ட்


பல்லாரட்,
27 பிப்ரவரி 2024

லிண்ட்சிக்கு,

பில்களை வைத்திருக்கிறேன். மீட்டர் எண்ணைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், கறுப்பு மட்டும்.

வீட்டில் ஓர் ஆள், ஒரு பூனை. பூனை வெந்நீரில் குளிப்பதில்லை என்று உங்கள் கம்ப்யூட்டரிடம் சொல்லுங்கள்.

கிளையை வெட்டியாயிற்று. எலுமிச்சை நன்றாகக் காய்க்கிறது. பீர் குடித்துவிட்டு நீங்கள் அதன் வேரில் போய் நின்றால்தான் காய்க்கும் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தீர்களே! அந்த உரம் நின்ற பிறகுதான் காய் இன்னும் பெரிதாயிற்று.

மீட்டருக்கு முன்னால் குனிந்து நின்றபோது உங்கள் பழைய வேலைச்சட்டை நினைவுக்கு வந்தது. கடிக்கிற நாய்களுக்கென்று பையில் பிஸ்கட் வைத்திருப்பீர்கள். சாயங்காலம் மிச்சத்தை லியானுக்குக் கொடுத்துவிடுவீர்கள். நாய்க்கு எடுத்துப்போன பிஸ்கட் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

படிவத்தை மறக்க வேண்டாம்.

நோலீன்


டவுன்ஸ்வில்,
8 மார்ச் 2024

அன்புள்ள நோலி,

மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து பதினேழு கம்பெனிகளை ஒப்பிட்டாயிற்று. ஓர் ஆள் வீட்டுக்கு எது மலிவு என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கரண்டுக்கு ஒரு கம்பெனி, கேஸுக்கு வேறொன்று. இரண்டையும் ஒரே இடத்தில் வாங்கினால் தள்ளுபடி என்பான், நம்பாதே.

ஆனால் உன் பில்களைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. இத்தனை வருஷம் மீட்டர் பார்த்ததில் எண்ணை வைத்தே வீட்டைச் சொல்லிவிடுவேன். இந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, அந்த வீட்டில் ஆள் ஊரில் இல்லை என்று. உன் கேஸ் எண், சமையலுக்கும் குளியலுக்கும் சரியாகப் போய்விடுகிறது. மேலே ஒன்றுமில்லை. குளிர் உச்சத்தில் இருக்கிற ஜூலையிலும் இல்லை. பல்லாரட்டில் ஜூலை! கரண்ட் பில்லோ அந்த மாதங்களில் கூரையைத் தொடுகிறது. சின்ன கரண்ட் ஹீட்டர் ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், இல்லையா? நம் கேஸ் ஹீட்டருக்கு என்ன ஆயிற்று? கம்பெனியை மாற்றி நீ மிச்சம் பிடிப்பதைவிட அதைப் பற்றவைத்தால் அதிகம் மிச்சமாகும்.

எப்பேர்ப்பட்ட ஹீட்டர் அது! லியானின் பைஜாமாவை அதன்மேல் சூடாக்கி நீ போட்டுவிடுவாய். பள்ளிக்கூடக் காலுறைகளைக் காயப்போட்டு எப்போதும் ஒன்றைத் தொலைப்போம். ஆன்சாக் நாளன்று போர் நினைவுத் தூணில் மாலை வைத்துவிட்டு வந்து, நான் மண்டியிட்டு அந்த வருஷத்தில் முதல்தடவையாக அதைப் பற்றவைப்பேன், அதற்கு முன்னால் எவ்வளவு குளிர்ந்தாலும் கிடையாது. நீங்கள் எல்லாரும் கைதட்டுவீர்கள். ஓட்ஸ் பிஸ்கட் வாசனை வரும். ஏப்ரல் இருபத்தைந்தைப் போல ஒரு நாள் எனக்கு வருஷத்தில் வேறு கிடையாது. இங்கே ஹீட்டருக்கு வேலையே இல்லை. காற்றாடிதான் வருஷம் முழுக்கச் சுற்றுகிறது, ரசிக்க ஒன்றுமில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

உன்,
லிண்ட்


பல்லாரட்,
18 மார்ச் 2024

லிண்ட்,

ஹீட்டர் கெடவில்லை. நான் பற்றவைப்பதில்லை.

எண்ணைப் பார்த்து வீட்டைச் சொல்லிவிடுவாயாம். இதையும் சொல்லிப் பார்த்திருக்கலாமே. நீ கைதட்டலை நினைவு வைத்திருக்கிறாய். நான் 2012ஆம் வருஷம் ஏப்ரல் பதினேழை நினைவு வைத்திருக்கிறேன்.

என் அக்கா மெர்ல் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்திருந்தாள். புற்றுநோய் மருந்து ஏற்றி ஏற்றித் தலையில் ஒரு முடியில்லை, உடம்பில் சதையில்லை. அந்த அணைந்த ஹீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, காலை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சூடு இருப்பதுபோல. "நோலி, கொஞ்சம் பத்த வையேன்டி, எலும்பெல்லாம் நடுங்குது" என்றாள். வைத்தேன். நீ வேலையிலிருந்து வந்தாய். "ஆன்சாக் நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. குளிர்ச்சுன்னா இன்னொரு ஸ்வெட்டரைப் போட்டுக்கச் சொல்லு" என்று அணைத்தாய். அவள் காதுபடச் சொன்னாய். அவள், "பரவாயில்ல விடு, அவர் வீட்டுச் சட்டம்" என்று சிரித்தாள். மறுநாள் காலையில் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஜூனில் அவளைப் புதைத்தோம்.

எட்டு நாள் சூட்டினால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. அவள் குளிராமல் இருந்திருப்பாள். அவ்வளவுதான். அது போதாதா?

செப்டம்பரில் நீ போனாய். அதற்குப் பிறகு பற்றவைக்கலாம் என்று போனால் அவள் கால்தான் கண்ணில் நிற்கிறது. நீ போன பிறகும் உன் சட்டத்தையே வருஷம் பூராவும் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்று உன் கணக்கைப் பார்த்துத்தான் எனக்கே உறைத்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

படிவத்தை அனுப்பு.

நோலீன்


டவுன்ஸ்வில்,
27 மார்ச் 2024

நோலி,

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

அணைத்தது என் கைதான். அது எங்கள் அப்பா வைத்த சட்டம். போரில் சேற்றில் நின்றவர், குளிரைத் தாங்குவதும் செத்தவர்களுக்கு ஒரு மரியாதை என்பார். அவருக்கு அது மரியாதை. எனக்கு அப்படியில்லை. என் வீட்டில் நான் சொன்னது நடக்க வேண்டும், அவ்வளவுதான் இருந்தது என் மனசில்.

2012இல் கேஸ் என்ன விலை என்று தேடிப் பார்த்தேன். அந்த எட்டு நாளும் சாயங்காலம் முழுக்க எரியவிட்டிருந்தாலும் இருபது டாலர் ஆகியிருக்காது. மெர்லுக்கு நான் இருபது டாலர் சூடு கொடுக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் ஊராருக்குக் கணக்குப் பார்த்தவன் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. தப்பு செய்தேன் நோலி. அவளிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

அடக்கம் முடிந்து வந்த பிறகு நீ என்னைத் திட்டியிருந்தால் அங்கேயே கிடந்திருப்பேன். நீ பேசவே இல்லை. உன் முகத்தைப் பார்க்கத் துணிச்சலில்லாமல், ஹீட்டரே வேண்டாத ஊராகப் பார்த்து ஓடிவந்துவிட்டேன்.

படிவம் இத்துடன் இருக்கிறது. பெயரை அடித்துவிடு, அது உன் வீடு. ஒன்று மட்டும் கேள். பற்றவைப்பதற்கு முன்னால் லைசென்ஸ் உள்ள கேஸ் ஆளைக் கூப்பிட்டுச் சோதித்துவிடு. பன்னிரண்டு வருஷம் சும்மா கிடந்தது. புகை உள்ளே திரும்பினால் ஆளையே கொன்றுவிடும்.

லிண்ட்சி


பல்லாரட்,
11 ஏப்ரல் 2024

அன்புள்ள லிண்ட்,

கேஸ் ஆள் வந்தார். ஹீட்டரைப் பிரித்துத் துடைத்து, "இது இன்னும் இருபது வருஷம் ஓடும்மா, இப்ப வர்றதெல்லாம் வெறும் தகரம்" என்றார். பின்பக்கத்திலிருந்து ஒரு வாளி தூசியும் லியானின் பள்ளிக்கூடக் காலுறை ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். துவைத்து வைத்திருக்கிறேன். அவளுக்கு நாற்பத்துமூன்று வயதாகிறது, ஆனாலும் அனுப்பத்தான் போகிறேன்.

நேற்று, பத்தாம் தேதி, பற்றவைத்தேன். ஆன்சாக் நாளுக்குப் பதினைந்து நாள் முன்னால். மண்டியிட முடியவில்லை, குஷனைப் போட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிடித்ததும் அந்த 'டப்' சத்தம் கேட்டது. மெர்ல் உட்கார்ந்த நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டு நன்றாக அழுதேன். பூனை அதில் ஏறிப் படுத்துவிட்டது. இறக்கிவிட மனசு வரவில்லை.

படிவத்தை அனுப்பிவிட்டேன். நீ சொன்ன இரண்டு கம்பெனியிலும் சேர்ந்தாயிற்று. இரண்டும் என் பெயரில்தான், அது அப்படியே இருக்கும். இத்தனை வருஷம் மாற்றாதது சோம்பலால் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். பொய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபால்காரர் உன் பெயரைக் கொண்டுவந்து போடுவார். பில்லைத் திட்டிக்கொண்டே அந்த உறையை எடுத்து வைப்பேன். ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதே. பாதி மன்னித்திருக்கிறேன். மீதியைத் தபாலில் அனுப்ப முடியாது.

இனிமேல் இந்த வீட்டில் ஹீட்டர் எரிகிற நாளை நான்தான் சொல்வேன், காலண்டர் சொல்லாது. யாருக்குக் குளிர்கிறதோ அவர்கள் பற்றவைக்கலாம், ஒருவரும் அணைக்கக் கூடாது. இது என் சட்டம். இதற்குச் சம்மதம் என்றால், நூலகத்துக்குப் போய் அந்த ஒப்பீட்டை இன்னொரு தடவை போட்டுப் பார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்குமே, அங்கே இரண்டு என்று போடு.

பூனையைச் சேர்க்காமல்.

நோலி