பிரிக்காத பார்சல்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே இருவரும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி வாலுவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாலு இன்னும் பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைக் கடிக்கிறாளா? போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். எனக்கும் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் வருவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

போன முறை நீங்கள் வந்தபோது உன் அறைக் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. காலி டப்பா, ஓடாத மின்விசிறி, கட்டுக் கட்டாகச் சணல் கயிறு, எல்லாம் என்றைக்காவது உதவும் என்று நான் சேர்த்தவை. கட்டில் எங்கே என்று மாப்பிள்ளை கேட்டதற்கு அம்மா என்னைக் கை காட்டினாள். லாட்ஜில் போய்த் தங்கினீர்கள், அதைக்கூட நீ பொறுத்துக்கொண்டாய். ஆனால் துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தவள், வருஷா வருஷம் நீ அனுப்பிய பார்சல்கள் டேப்கூடப் பிரியாமல் உன் கையெழுத்தோடு அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டாய். "அப்பா, இது ஸ்டாக் இல்ல, ஹோர்டு" என்றாய். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டாய்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. தொழிற்சாலை ஸ்டோரில் இருந்த காலம் முழுக்க, கேட்ட சாமானை இல்லை என்று சொல்லாதவன் நான். மாடி வீட்டு இங்கிலீஷ் டீச்சரிடம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன், பதுக்கல் என்றார். நான் என்ன பஞ்ச காலத்தில் அரிசி மூட்டையை மறைத்த வியாபாரியா என்று பொரிந்து தள்ளினேன். அவர் நிதானமாக, அரிசி, பணம் எதற்கும் சொல்லலாம், அணில் கொட்டை சேர்த்தாலும் இதே வார்த்தைதான், அதில் குற்றமில்லை, மனுஷரைச் சொன்னால் மட்டும் கொஞ்சம் குத்தல் உண்டு, தேவைக்கு எடுக்க வைத்தால் ஸ்டாக், தேவை வந்த பிறகும் எடுக்க மனசு வராவிட்டால் ஹோர்டு என்று சொன்னார். அணிலுக்குள்ள மரியாதைகூட எனக்கில்லையே என்று சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. கீழே வந்தால் அம்மா பழைய சீசாவில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி முழங்காலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றுதான் பார்சல்களைப் பிரித்தேன். முழங்காலுக்குச் சூடு கொடுக்கும் பட்டை ஒன்று அனுப்பியிருந்தாயே, வலி முற்றினால் எடுக்கலாம் என்று நான்தான் மேல்தட்டில் வைத்திருந்தேன். மாட்டிவிட்டதும் அம்மா, "எனக்கு வந்ததை என் கையில கொடுக்க உங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்ல வேண்டியிருக்கு" என்றாள். நீ அனுப்பிய சட்டை எனக்கு இப்போது தொளதொளவென்று தொங்குகிறது, நீ வாங்கியபோது சரியாக இருந்திருக்கும். ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன், தெருமுனை தாண்டுவதற்குள் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. ரப்பர் சாமானைச் சும்மா வைத்தால் கெட்டுப்போகும், முதலில் வந்ததை முதலில் கொடு என்று ஸ்டோரில் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் வீட்டில் கோட்டை விட்டேன். அந்த ஷூவுக்காக நீ எத்தனை கடை ஏறி இறங்கினாயோ, போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்ப எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் மனசை அறுக்கிறது.

உன் அறையைக் காலி செய்துவிட்டேன், கட்டில் தெரிகிறது. சணல் கயிறு மட்டும் கொஞ்சம் இருக்கிறது, திட்டாதே. நீ போனதிலிருந்து பார்சல் எதுவும் வரவில்லை. நியாயம்தான், நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். ஆனாலும் தபால்காரர் வாசலில் நிற்காமல் போகும்போது அம்மா என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, மாப்பிள்ளையிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் வாழ எங்கள் ஆசி. கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவன் கேட்கிறேன் மகளே, ஒரு சோப்பாவது அனுப்பு. வந்த அன்றே பிரித்துத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் உனக்குப் பதில் எழுத உட்காருவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா